பாறைமேல் நிறுத்திய பை

மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கும் அந்தக் கடையின் முதல் மாடியில் பத்தொன்பது வருஷமாக நிற்கிற மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அவர் மணல் அண்ணன். அவரிடம் பை வாங்க வந்தவர் சும்மா தோளில் மாட்டி, கண்ணாடியில் அழகு பார்த்துவிட்டுப் போய்விட முடியாது. கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை டேப் வைத்து அளப்பார். பிறகு மணல் நிரப்பிய துணிப் பொட்டலங்களைப் பைக்குள் அடுக்கி, பெல்ட்டை இறுக்கி, மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்வார். முதல் தடவை சிரித்துக்கொண்டே ஏறுகிறவர்கள் மூன்றாவது தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். எண்பது லிட்டர் பை வேண்டும் என்று மார்தட்டி வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் நாற்பத்தைந்து லிட்டரோடு அடக்கமாகக் கீழே இறங்குவார்கள்.

முதலாளிக்கு இதில் வயிற்றெரிச்சல். பெரிய பையைத் தலையில் கட்டத் தெரியாதவனை எதற்கு மாடியில் வைத்திருக்கிறேன் என்று கீழே இருப்பவர்களிடம் புலம்புவார். ஒரு நாள் நேரிலேயே கேட்டுவிட்டார், நீங்க எனக்கு சேல்ஸ்மேனா, வர்றவங்களுக்கெல்லாம் மாமனாரா என்று. மணல் அண்ணன் சிரித்து மழுப்பினார். ஆனாலும் அவர் அளந்து கட்டிக் கொடுத்த பை எதுவும் திரும்பி வந்ததில்லை, அதனால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

முதலாளிக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. ராணுவ மாடல் பைகள், அந்தக் கரும்பச்சையில், முரட்டுத் துணியில், வெளியே வரிசை வரிசையாக வார் தைத்து வருமே, அவற்றை மணல் அண்ணன் கடைசிச் சுவரில், கூடாரத்துக்குள் நுழைந்து படுக்கிற தூங்கும் பைகளுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். யாராவது தேடிப் பிடித்துக் கேட்டால், ஒரு முழ ஆரஞ்சுத் துணியை மேல்மூடியில் தைத்துத்தான் கொடுப்பார். சாயங்காலம் கடை சாத்தும்போது மணல் நிரப்பிய பச்சைப் பை ஏதாவது தரையில் நின்றுகொண்டிருந்தால் அதைப் படுக்க வைக்காமல் விளக்கை அணைக்க மாட்டார். நிற்கிற பை அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற ஆளாகத் தெரிந்தது. அந்த ஆள் யார் என்பதும் அவருக்குத் தெரியும். அதைத்தான் அவர் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஓவிய ஆசிரியர் வந்தார். ஒல்லியான மனிதர், விரல் நகத்தில் வண்ணம் ஒட்டியிருந்தது. வந்ததும் வராததுமாக ஆரஞ்சு நிறப் பை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போது மணல் அண்ணனுக்கு இந்த மணலும் கிடையாது, அடக்கமும் கிடையாது. பையைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. ஆரஞ்சு ரெண்டு பயணத்தில் அழுக்குத் தட்டிவிடும், பள்ளிக்கூடப் பிள்ளை பை மாதிரி இருக்கும் என்றார். ராணுவ மாடலை இறக்கிக் காட்டினார். பாறையில் போட்டு இழுங்கள், கிழியாது, ஆயுசுக்கும் வரும் என்றார். ஆசிரியர் தயங்கினார். பிறகு அவர் சொல்லைக் கேட்டு ஆரஞ்சைக் கழற்றி வைத்துவிட்டுப் பச்சையை வாங்கிக்கொண்டு போனார். மொத்தம் அரைமணி நேரம்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகையில் அவர் படம் வந்தது. தனியாகப் போன ஆசிரியர் மலைப்பாதையிலிருந்து சறுக்கி, ஓடைப்பக்கப் பள்ளத்தில் விழுந்து, கால் உடைந்து கிடந்திருக்கிறார். ஓடைச் சத்தத்தில் அவர் குரல் மேலே எட்டவில்லை. நகர முடியாத மனிதர் எப்படியோ பையைத் தூக்கிப் பக்கத்துப் பாறைமேல் நிறுத்தியிருக்கிறார். சின்ன நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார்: 'பையைப் பாறைமேல் நிறுத்தியிருக்கிறேன். பார்த்துவிடுவார்கள்.' தேடிப் போனவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். மேலே அந்தப் பாதையில் இரண்டு தடவை நடந்தும் போனார்கள், பாறைக்கும் அவர்களுக்கும் நாற்பது அடிகூட இல்லை. பச்சைக்குள் பச்சையாக நின்ற பையைப் புதர் என்று நினைத்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் அவரைப் பிணமாகக் கண்டுபிடித்தபோது பையில் ஒரு தையல்கூட விடவில்லை.

மணல் அண்ணன் அந்தப் பத்திரிகையை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தார். அந்த வருஷ லீவில், ஊர் சுற்றப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, அதே மாடல் பையோடு அந்த மலைக்குப் போனார். ஓடைக்கு இறங்கி, அதே பாறைமேல் பையை நிறுத்திவிட்டு, மேலே பாதைக்கு ஏறித் திரும்பிப் பார்த்தார். எங்கே வைத்தோம் என்று தெரிந்த அவருக்கே பை தென்படவில்லை. நின்ற இடத்திலேயே நின்று தேடினார். ஒரு புதர் பையாகத் தெரிந்தது, உற்றுப் பார்த்தால் புதராகிவிட்டது. வெகுநேரம் கழித்து அகப்பட்டது. அகப்பட்ட பிறகு அதன் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. பையை எடுக்க இறங்கவே அவருக்கு மனசு வரவில்லை.

அடுத்த வருஷமும் போனார், அதற்கடுத்த வருஷமும் போனார். போன இடத்துக்கே மறுபடி மறுபடி போற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன், அங்கே என்ன சின்ன வீடா இருக்கு என்று பெண்டாட்டி கிண்டல் செய்தாள். அப்படி இருந்தால்கூடத் தேவலை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து அவர் கயிறுகளைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மாவும் கல்லூரிப் பெண்ணும் மாடி ஏறி வந்தார்கள். வகுப்பில் எல்லோரும் காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம், பெரிய பையாக வேண்டுமாம். அந்தப் பெண் போனை நீட்டி, இதே மாதிரி வேணும் அண்ணா என்றாள். படத்தில் வீட்டு வாசலில் அந்த ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். முதுகில் பச்சைப் பை. பெல்ட் மணல் அண்ணன் கட்டிவிட்ட மாதிரியே இருந்தது.

அந்த மாடல் இல்லை என்று சொல்லலாம் என்று அவர் வாயெடுத்தார், அதற்குள் அந்தப் பெண் தூங்கும் பைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இருக்கே என்றாள். அம்மா குறுக்கே வந்தாள். அப்பா பையே வீட்டுப் பரணில் கிடக்கிறது, அது ஒன்று போதாதா, உனக்குப் பச்சை வேண்டவே வேண்டாம், அந்த ஆரஞ்சை எடு என்றாள். பெண் பிடிவாதம் பிடித்தாள். அப்பா வைத்திருந்ததுதான் வேண்டும், அதில் என்ன தப்பு என்றாள்.

அம்மா மகளை ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். மாடி சின்னது. மணல் அண்ணனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"உங்கப்பா பை வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி என்ன சொன்னேன் தெரியுமா? அழுக்குத் தெரியாத கலரா வாங்கிட்டு வாங்க, தேய்ச்சுத் தோய்க்க என்னால முடியாதுன்னு சொன்னேன். ஆயிரம் சொல்லியிருக்கேன், எதையும் காதுல போட்டுக்கிட்டதில்லை. அதை மட்டும் கேட்டுட்டார். நான்தான்டி காரணம். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை வருஷம் இருந்துட்டேன்."

மணல் அண்ணனுக்கு அந்த நிமிஷம் சும்மா இருந்துவிட எல்லா வசதியும் இருந்தது. அந்த அம்மாவுக்கு அவர் யாரென்று தெரியாது. ஆரஞ்சுப் பையை அளந்து கட்டிக் கொடுத்தால் வந்த வழியே போய்விடுவார்கள், பழி அவளோடு போய்விடும். இன்னொருத்தி தலையில் ஏழு வருஷமாகத் தன் பழி உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தபோதுதான் அவருக்கு நிஜமான பயம் வந்தது. மலையில் பயந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அவர் ஜன்னல் பக்கம் போனார். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அம்மா, அந்தப் பையை சார் வாங்கினது இங்கதான். என்கிட்டதான். வந்ததும் ஆரஞ்சைத்தான் எடுத்தார். பச்சைக்கு நடுவுல ஆரஞ்சுதான் கண்ணுல அடிக்கும், கலர் சொல்லிக் குடுக்கிறவன் நான், எனக்குத் தெரியாதான்னு சிரிச்சார். வீட்டுல வேற கலர் வாங்கச் சொன்னாங்க, பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்னுகூடச் சொன்னார். நான்தான் விடலை. ஆரஞ்சு நல்லாயில்லைன்னு சொல்லிச் சொல்லி மாத்திவிட்டேன். அவர் உங்க பேச்சைக் கேக்கலைம்மா. என் பேச்சைத்தான் கேட்டார்."

அந்த அம்மா அவரைப் பார்த்தாள். திட்டுவாள், கன்னத்தில் அறைவாள் என்று அவர் எதிர்பார்த்தார், அறைந்தால் தேவலை என்றும் இருந்தது. அவள் செருப்புப் போட்டுப் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் இருந்த கையை மட்டும் திறந்து திறந்து மூடினாள். கீழே முதலாளி யாருக்கோ தண்ணீர் பாட்டில் விலை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

பேசினது அந்தப் பெண்தான். அப்பா வேறு என்ன பேசினார் என்று கேட்டாள். அப்பாவைப் பற்றிப் புதிதாக ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மணல் அண்ணன் அந்த அரைமணி நேரத்தில் ஒரு துளிகூட மறக்கவில்லை, மறக்கவும் முடிந்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னார். படியில் ஏறிக் காட்டியது, கண்ணாடியில் பார்த்து ஒட்டகம் மாதிரி இருக்கேனா என்று கேட்டது, பெல்ட்டை இறுக்கும்போது கூச்சத்தில் நெளிந்தது. கடைசியில் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் சொன்னார்.

"அடுத்த வருஷம் என் பொண்ணையும் கூட்டிட்டுப் போவேன், அவளுக்கு ஏத்த சைஸ் கிடைக்குமான்னு கேட்டார். எடுத்து வெக்கிறேன் சார்னு சொன்னேன்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஆரஞ்சுப் பையைத் தானே கொக்கியிலிருந்து எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் டேப்பை எடுத்து அளந்தார். மணல் பொட்டலங்களை அடுக்கினார், கனமானதை முதுகை ஒட்டி, லேசானதை மேலே. அவள் மூன்று தடவை படி ஏறி இறங்கினாள். தோளில் பிடிக்கிறது என்றாள், அவர் வாரைத் தளர்த்தி இடுப்பு பெல்ட்டை இன்னொரு விரற்கடை இறுக்கினார். நாலாவது தடவையும் ஏறச் சொன்னார். அம்மா பெஞ்சில் இருந்தபடி அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணலை எடுத்த பிறகு மகள் பையோடு முதலில் கீழே இறங்கினாள். அம்மா எழுந்து இரண்டு படி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களை மன்னிக்கணும்னு எனக்குத் தோணலை."

"வேண்டாம்மா."

"அவர் என் பேச்சைக் கேக்கலைன்னு சொன்னீங்களே. அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

மணல் அண்ணன் படியின் மேலே நின்று, அவள் முகத்தைப் பார்த்து, ஒரு சொல் விடாமல் மறுபடி சொன்னார்.