தம்பியின் கையெழுத்து

சலீமா பீவி தமிழ் எழுதப் படிக்கக் கற்றது ரங்கூனில். தமிழ் பேசும் ஊர் ஒன்றைக் கண்ணால் பார்த்தது பத்தொன்பதாம் வயதில், அறுபத்து நாலில், அகதிகளை ஏற்றி வந்த கப்பல் சென்னைத் துறைமுகத்தில் நின்ற பிறகு. வந்தது அவளும் அவளுடைய வாப்பா சேக் பரீதும் மட்டும்தான். உம்மாவும் தம்பியும் அங்கேயே நின்றுவிட்டார்கள். நின்றுவிட்டார்கள் என்பதுகூடச் சரியில்லை. நிறுத்திவிட்டார்கள்.

சேக் பரீதுக்குப் பிறந்த ஊர் கடலூர் முதுநகர். பதினாறு வயதில் கப்பலேறி ரங்கூன் போய், குடையும் லாந்தரும் விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்து, பர்மாக்காரப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். நிக்காஹ்வுக்குப் பிறகு அவள் ஆசியா உம்மாள் ஆனாள். பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் சலீமாவுக்கு வாப்பாவின் கறுப்பு, வாப்பாவின் மூக்கு. இரண்டு வயது இளையவன் இஸ்மாயில் அப்படியே உம்மாவை உரித்து வைத்திருந்தான். "ஒன்னு கடலூரு, ஒன்னு ரங்கூனு" என்று சேக் பரீது வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அது வீட்டுக்குள் வேடிக்கையாக இருந்தவரைக்கும் வேடிக்கைதான்.

பட்டாளத்து அரசாங்கம் வந்தது. ஒரு காலையில் கடைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்து, யார் சொந்த நாட்டுக்காரர், யார் வேற்று நாட்டுக்காரர் என்று எல்லோரும் நேரில் வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்று தாக்கீது வந்தது. நாலு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். பெரிய கூடத்தில் வரிசையாக மேசைகள் போட்டிருந்தார்கள். கூட்ட நெரிசலில் வாப்பாவும் சலீமாவும் ஒரு மேசைக்குத் தள்ளப்பட்டார்கள், உம்மாவும் இஸ்மாயிலும் அடுத்த மேசைக்கு.

சலீமாவின் மேசையில் இருந்தவர் அவள் நீட்டிய பிறப்புச் சான்றை வாங்கவேயில்லை. முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு "இந்தியா" என்று எழுதினார். தான் இதே ஊரில் பிறந்தவள் என்றும், அதோ நிற்பவன் தன் கூடப்பிறந்த தம்பி என்றும் அவள் சுத்தமான பர்மிய மொழியில் சொன்னாள்.

"பாஷையை யாரும் கற்றுக்கொள்ளலாம். முகத்தை எங்கே போய்க் கற்றுக்கொள்வாய்?" என்றார் அவர்.

அடுத்த மேசைக்காரர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பையனின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். ஆசியா உம்மாள் பக்கத்து மேசையில் நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் பிறந்த வீட்டில் அவனைக் கூப்பிடும் "மவுங் தின்" என்ற பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயருக்குத் தன் அண்ணன் பெயரைச் சொன்னாள். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டு இரண்டு பச்சை அட்டைகளைக் கொடுத்தார். பச்சை அட்டை இருந்தால் குடிமக்கள். குடிமக்கள் நாட்டை விட்டு வெளியே போக அனுமதி இல்லை.

எதிர்வீட்டுத் தமிழ்க் குடும்பம் மறுநாள் பதியப் போனது. மறுநாள் சலீமாவின் மேசையில் வேறு ஆள். அந்த வீட்டில் ஐந்து பேருக்கும் பச்சை அட்டை கிடைத்தது. கப்பல் ஏறப்போன நாளில் துறைமுகத்திலும் இதே கதைதான். சலீமாவின் மூக்குத்தியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார்கள். அவளுக்குப் பின்னால் நின்றவளிடம் கேட்க ஆள் இல்லை. சோதனைக்காரர் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

முதுநகரில் வாப்பாவின் தம்பி, சாச்சா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. தெருவில் அவளைப் "பர்மாக்காரி" என்றார்கள். அங்கே இந்தியாக்காரி, இங்கே பர்மாக்காரி என்று அவள் யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. சொல்ல அலுப்பாக இருந்தது. வாப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. வேலைக்குப் போக வேண்டிய பொறுப்பு அவள்மேல் வந்தது.

மஞ்சக்குப்பத்தில் அகதிகளின் மனுக்களைப் பார்க்கும் ஆபீஸ் ஒன்றில், பர்மிய எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். சலீமாவைத் தினக்கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். வராந்தாவில் ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மேசை. பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, பண்ருட்டிப் பக்கமெல்லாம் இருந்து ஜனங்கள் தகரப்பெட்டியில் மடித்து வைத்த காகிதங்களைக் கொண்டுவருவார்கள். அவள் பிரித்துப் படிப்பாள். பெயர், வயது, பிறந்த இடம், இனம். சட்டம் ஒன்றுதான், ஆனால் இரண்டு காகிதம் ஒரே மாதிரி இருந்து அவள் பார்த்ததில்லை. அண்ணன் வெளிநாட்டான், தம்பி குடிமகன். தாய் குடிமகள், மடியில் இருந்த குழந்தை வெளிநாட்டான். பத்து மணிக்குப் போனவனுக்கு ஒரு நாடு, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போனவனுக்கு வேறு நாடு. முதலில் கோபம் வந்தது. மூன்று வருஷம் படித்த பிறகு தூக்கம்தான் வந்தது.

அறுபத்தேழு ஆடி மாதம், சிதம்பரத்திலிருந்து சபாபதி என்பவரும் அவர் மனைவி ராமாமிர்தமும் வந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சபாபதிக்குச் சேத்தியாத்தோப்பு பூர்வீகம். ராமாமிர்தம் ரங்கூனிலேயே பிறந்தவள், முப்பது வயது இருக்கும். சலீமா அவளுடைய காகிதத்தை வாங்கிப் பெயரைப் படித்தாள், வயதைப் படித்தாள். அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

பர்மிய எழுத்தில் "த" என்பது ஒட்டிய இரண்டு வட்டம். அவள் தம்பிக்குச் சின்ன வயதில் இரண்டாவது வட்டத்தை மூட வராது. வாலை நீட்டிக் கீழே இழுத்துவிடுவான். ஸ்கேலால் அவன் விரலில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தும் திருந்தவில்லை. காகிதத்தில் அந்த வால் இருந்தது. பக்கத்தில் முத்திரை. மவுங் தின், பதிவு எழுத்தர்.

வீட்டுக்கு வருகிற கடிதங்களில், ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாகத்தான் எழுதியிருந்தான். என்ன ஆபீஸ் என்று எழுதியதில்லை.

"என்னாம்மா, தப்பா எதுனா எழுதியிருக்கா?" என்றார் சபாபதி.

"இல்லீங்க." அவள் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இதுல கையெழுத்துப் போட்டவரு எப்படி இருப்பாரு? ஞாபகம் இருக்கா?"

"சின்னப் பையன்தான், இருவது இருவத்தொன்னு இருக்கும். செவப்பா இருந்தான். அஞ்சு பைசா வாங்கல. எனக்கு அரை நாள்ல முடிச்சுக் குடுத்துட்டான்."

"எனக்குத்தான் நான் கேட்டபடி ஆவல" என்றாள் ராமாமிர்தம். "எங்கம்மாவுக்கு போன வருசமே பச்ச அட்ட குடுத்துட்டாங்க. அம்மா குடிமகள்னா நானும் அதானேன்னு கேட்டேன். அந்தப் புள்ள தலைய நிமுத்தவே இல்ல. எழுதிகிட்டே, புருசன் எந்த ஊருன்னுச்சு. சிதம்பரம் பக்கம்னேன். பேனாவ நிறுத்திட்டு, கடலூருக்குப் பக்கமான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். அப்புறம் இந்தியான்னு முத்திரயக் குத்திடுச்சு."

"தோட்டக் கழட்டச் சொல்லல" என்றார் சபாபதி, மனைவியின் காதைக் காட்டி. "அடுத்த மேசைல எல்லாத்தயும் புடுங்கிட்டான்."

சலீமா மீதியைப் படித்து, தமிழில் எழுதி, உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்றைக்கு இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர்களுடையதையும் படித்தாள்.

சாயந்திரம் வாப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் நாளை முதல் தினமும் ஒளிக்க வேண்டும். அதற்குத் தெம்பில்லை. அஸர் தொழுதுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தவரிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டாள்.

அவர் பாயின் ஓரத்தை மடித்து நேராக்கினார். பிறகு, "எத்தன பேரு காயிதத்துல பாத்தே?" என்றார்.

"ஒன்னுதான் வாப்பா. இனிமேட்டு வரும்."

"அந்தப் புள்ளைங்க எங்க இருக்குறாங்க?"

"சிதம்பரத்துல."

"ஞாயித்துக்கெழம என்னய அங்க கூட்டிட்டுப் போ."

"போயி?"

"அது எம் மவன்னு சொல்லணும்."

"எதுக்கு வாப்பா? அவுங்களுக்கா தெரியப்போவுது?"

"நமக்குத் தெரியுதுல்ல" என்றார் சேக் பரீது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை பாசஞ்சரில் ஏறினார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வண்டி நின்று நின்று போனது. வாப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத கண்ணால் வெளியே பார்த்தபடி வந்தார். சிதம்பரத்தில் ஒரு நெல் மில்லுக்குப் பின்னால் சபாபதியின் குடித்தனம். தவிட்டுத் தூசி வாசல்வரை படிந்திருந்தது. ஆபீஸ் பெண் தகப்பனோடு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மனு விஷயமாக நல்ல சேதி என்று நினைத்து ராமாமிர்தம் ஓடிவந்து பாய் விரித்தாள். அதைப் பார்க்கச் சலீமாவுக்குச் சங்கடமாக இருந்தது.

சேக் பரீது உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மேசைகளைச் சொன்னார், பச்சை அட்டையைச் சொன்னார், மச்சான் பெயரைத் தகப்பன் பெயராக எழுதிய கதையைச் சொன்னார்.

சபாபதியின் முகம் மாறிவிட்டது. "ஏன் பாய், ஒங்க மவனுக்கு அப்பன் பேரு எழுதத் தெரியாதா?"

"எழுதியிருந்தா அவனும் எங்ககூட வந்திருப்பான்."

"வரட்டுமே. நாங்க வரல? தாம் மட்டும் தப்பிச்சுகிட்டு, தன்னப்போல உள்ளவங்களத் தானே பட்டியல் போட்டு ஏத்தி அனுப்புறதா? இது எந்த ஊரு நியாயம்?"

சபாபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். வாப்பா சுவரைத் தடவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். வந்த வேலை முடிந்தவர் மாதிரி இருந்தது, முடியாதவர் மாதிரியும் இருந்தது.

ராமாமிர்தம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சலீமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்தாள். ஒட்டுகிற ஜாடை ஏதாவது இருக்கிறதா என்று தேடியிருப்பாள். ஒன்றும் கிடையாது.

"ஏம்மா, அந்தப் புள்ள நிமிந்து எம் மூஞ்சியப் பாத்திருந்தா வேற மாதிரி எழுதியிருக்குமா?"

"தெரியலக்கா" என்றாள் சலீமா. உண்மையாகவே தெரியவில்லை.

"எங்கம்மா அங்க தனியாக் கெடக்குது. எழுவது வயசு. மூட்டு வலி, மாடிப்படி எறங்க முடியாது. நான் போடுற லெட்டரு போவுதா இல்லையான்னே தெரியல." அவள் சொம்பை நகர்த்தி வைத்தாள். "ஒங்க தம்பிக்கு எழுதுறப்ப, ஒரு தடவ போயி பாக்கச் சொல்லுவீங்களா? தெருப் பேரு சொல்றேன்."

சலீமா அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். அன்புள்ள தம்பிக்கு என்று தொடங்கி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். ராமாமிர்தம் என்ற பெண்ணுக்கு நீ போட்ட கையெழுத்தை நான் கடலூரில் படித்தேன். அவள் தாயார் இன்ன தெருவில், இன்ன வீட்டு மாடியில் இருக்கிறார். போய்ப் பார். அந்த வேலையை விட்டுவிடு என்று எழுத ஒரு வரி மனதில் இருந்தது. வாப்பாவிடம் கேட்டாள்.

"வேணாம்" என்றார் அவர். "விட்டா ஏன் விட்டேன்னு கேப்பாங்க. அப்பன் யாருன்னு தோண்டுவாங்க. ஒங்க உம்மா யாரு கையில சோறு திம்பா?" சற்றுப் பொறுத்து, "எழுதுனாலும் பாவம், எழுதாட்டியும் பாவம். எழுதாத" என்றார்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. இஸ்மாயில் போய்ப் பார்த்திருந்தான். அந்த அம்மாள் முதலில் கதவைத் திறக்க மாட்டேன் என்றாளாம், ஆபீஸ்காரன் என்று பயந்துபோய். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அரிசியும் விறகும் கொண்டுபோய்ப் போடுகிறானாம். உம்மாவும் கூடப் போகிறாளாம். கையெழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. சலீமா அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் ராமாமிர்தத்துக்குப் படித்துக் காட்டினாள். அவள் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அப்படியே ஒன்றரை வருஷம் போனது. மாதம் ஒரு கடிதம் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. மஞ்சக்குப்பத்து வராந்தாவுக்கு மவுங் தின் கையெழுத்துப் போட்ட காகிதங்களும் வந்தன. சிலதில் இரக்கம் தெரிந்தது, சிலதில் அவசரம்தான் தெரிந்தது. எது எதனால் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்து எழுதிக்கொடுத்தாள். சபாபதி மட்டும் அவள் வந்தால் ஏதாவது வேலை என்று எழுந்து போய்விடுவார். வாப்பாவின் பேச்சை எடுத்ததே இல்லை. அறுபத்தெட்டு ரம்ஜானுக்கு முன் வாப்பா மௌத்தாகி அடக்கம் ஆனபோதும் அவர் வரவில்லை. ராமாமிர்தம் மட்டும் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

அறுபத்தொன்பது மாசியில் வந்த கடிதம் மற்ற கடிதங்களைவிடச் சின்னதாக இருந்தது. ராமாமிர்தத்தின் தாயார் காலமாகிவிட்டார். கோயில்காரர்களை இஸ்மாயில் கூட்டிவந்தான். எரிக்கிற இடம்வரை கூடவே நடந்தான். கொள்ளி வைக்க அவன் யார் என்று அங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் என்று சொன்னானாம்.

சலீமா அதைச் சிதம்பரம் கொண்டுபோய்ப் படித்தாள். ராமாமிர்தம் சத்தம் போட்டு அழவில்லை. சுவரோடு சாய்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். சபாபதி அன்று எழுந்து போகவில்லை. கடிதம் முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா, ஸ்டேசனுக்கு வரேன்" என்றார்.

தெற்கு வீதி தாண்டி ஸ்டேஷன்வரை இருவரும் நடந்தார்கள். வண்டி முக்கால் மணி தாமதம் என்றார்கள். சபாபதி பெஞ்சில் அவளுக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"தம்பி இன்னும் அதே வேலதான் பாக்குதா?"

"ஆமாங்க."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லீங்க."

அவர் தலையாட்டிக்கொண்டார். "பாய் மௌத்துக்கு நான் வந்திருக்கணும்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. வண்டி வரும்வரை உட்கார்ந்திருந்து, அவள் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் போனார்.