குதிரைவீரனின் தோளில் ஒரு துளை

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும், ஐந்தாவதோடு நின்றவள். நடந்ததும் முன்பின்னாகக் குழம்பிப்போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மருமகன் தவறிய பிறகு மகள் சிங்கவரத்துக்கு என்னிடமே வந்துவிட்டாள். மருமகன் ஈயத்தில் வார்த்த சின்னச் சின்னப் படைவீரர்களைப் பெட்டியில் வாங்கி, கை கால் ஒட்டி, வர்ணம் பூசுவார். கடைசியாக ஒரு குதிரைவீரன் பாதியில் நின்றுபோனான். ஈட்டி பிடித்த வலது கை தனியாகக் கிடந்தது. மகள் அவனை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். சோறு இறங்கவில்லை, பேச்சும் இல்லை. ரவிக்கை தொளதொளத்துப் போயிற்று. இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன். அந்தக் கையைச் சேர்த்துவிட்டால் எழுந்து சாப்பிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு என்ன வழி தெரியும் எனக்கு?

அவள் அசந்திருந்தபோது வீரனை எடுத்து, வெறும் பசை போட்டுப் பார்த்தேன். ஈட்டியின் கனத்துக்குக் கை விழுந்துவிட்டது. மருமகன் தோளிலும் கையிலும் ஓட்டை போட்டு, நடுவில் கம்பி செருகி ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சாமான்களை அவருடைய அண்ணன் எடுத்துப் போய்விட்டார்.

பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போனேன். இரும்புக்கடைக்காரர், "இன்னா ஆயா, செவுத்துல போட்டோ மாட்டவா?" என்று துப்பாக்கி மாதிரி ஒரு டிரில்லிங் மிஷினை எடுத்து வைத்தார். அத்தனை பேர் நடுவில் பொம்மையைக் காட்ட வெட்கம். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அவர் ஆணி எடுக்கத் திரும்பியபோது நழுவிவிட்டேன்.

கடிகாரம் பழுது பார்க்கும் பாயிடம், ஆளில்லாத நேரமாகப் பார்த்து முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொம்மையைக் காட்டினேன்.

"மிஷினு வேணாம்மா. சூடேறுனா ஈயம் இளகிடும். இத வெரலால திருகு" என்று பேனா மாதிரி ஒரு கை டிரில்லை எடுத்தார்.

"கம்பிக்கு ஊசிய ஒடச்சிப் போடலாமா பாய்?"

"ஊசிய எதால வெட்டுவ, பல்லாலயா? கரண்ட் ஒயர்ல இருக்குற செம்புக் கம்பி போதும்."

கம்பியையும் டிரில் முனைகளையும் லென்சுக்கு அடியில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். கம்பியைவிட ஒரு மயிரிழை தடித்த முனையைப் பொறுக்கினார். "பெருசா போட்டா கை ஆடும். சின்னதா போட்டா கம்பி போவாது. வேல முடிஞ்சதும் குடுத்துடு."

வீட்டில் ஊசியால் புள்ளி குத்திவிட்டுத் திருகினேன். பாதியில் இறுகி நின்றது. தையல் மிஷினுக்கு விடுகிற பழக்கத்தில் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆனால் கம்பியைச் செருகிப் பசை வைத்தால் பிடிக்கவே இல்லை. துடைத்து வைத்தேன், மறுபடியும் கை சுற்றியது. வாய்விட்டு அழுதுவிட்டேன்.

"யம்மா, எண்ண வுட்டியா?" படுக்கையிலிருந்து மகள் குரல்.

"ஒரு சொட்டுதான்டி."

"அறிவிருக்குதா உனக்கு? எண்ண இருந்தா பசை எப்பிடி புடிக்கும்? அவரு இருந்திருந்தா..."

எழுந்து வந்தாள். சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷுமாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து ஒட்டினாள். கை நின்றது. சோற்றைப் பிசைந்து நீட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள். அடுத்ததற்கு உதட்டை மூடிக்கொண்டு, வீரனை எடுத்துக்கொண்டு போய்ப் பழையபடி படுத்துவிட்டாள். இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறாள். இனி எதைக் கெடுத்து வைத்து அவளை எழுப்புவேன்?

கம்பி, முனை விஷயமெல்லாம் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகமாக இருக்கிறது. இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.