ரெஜினா மிஸ்ஸின் பக்கச் சுவர்

எங்கள் லேஅவுட்டில் கன்னட ராஜ்யோத்சவ விழாவை ஒட்டிக் குழந்தைகளுக்கு ஓட்டப் போட்டி வைப்பார்கள். போன ஞாயிறு காலை பால் வாங்கப் போனேன். பார்க்கை ஒட்டிய தெருவில் ஒருவர் குனிந்துகொண்டு வெள்ளைப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ராத்திரி தூறியதில் தார் ஈரமாக இருந்தது. ஈரத்தில் சுண்ணாம்புப் பொடி விழுந்தால் ஒரு வாசனை வருமே, புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழைந்தால் வருவது, அது மூக்கில் ஏறியதும் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். "ஏனு மேடம், நீங்களும் ஓடறீங்களா?" என்றார் அவர். ஐம்பதை நெருங்கும் ஒருத்தி ஓட்டக் கோட்டில் வந்து நின்றால் மனிதர் வேறென்ன கேட்பார்? சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அன்றைக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததற்கும் அந்த வாசனைதான் காரணம்.

எனக்கு அது மர்பி டவுன் வாசனை. இருபத்து நாலு வயதில் திருவண்ணாமலையிலிருந்து இந்த ஊருக்கு வந்து, காக்ஸ் டவுனில் சித்தி வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, மர்பி டவுனில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை வகுப்புகள். பிள்ளைகளின் அப்பாக்கள் ஒர்க் ஷாப்பிலும் ஆஸ்பத்திரி வார்டிலும் வேலை பார்த்தார்கள். அம்மாக்கள் பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போனார்கள். பள்ளிக்கு மைதானம் கிடையாது. முன்னால் இருந்த இடத்தில் நாலு ஆட்டோ நிறுத்தலாம், ஐந்தாவது ஆட்டோ வந்தால் சண்டை வரும்.

அந்தப் பள்ளியில் நான் செய்த முதல் காரியம் திருட்டு. பயப்படாதீர்கள், பி.டி. பீரியடைத் திருடினேன். எல்லாப் பள்ளியிலும் கணக்கு டீச்சர்கள் செய்வதுதான். "மிஸ், இன்னிக்கு ஒரு நாள் பி.டி.யக் குடுங்க, வகுத்தல் முடியல" என்று போய் நிற்பது. வாங்கினால் திருப்பித் தருகிற வழக்கமே இல்லை. வகுத்தல் எந்த வருஷம்தான் முடிந்திருக்கிறது?

நான் வாங்கியது ரெஜினா மிஸ்ஸிடம். என் வயதுதான். தங்கவயலில் பிறந்து வளர்ந்தவள். சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டு, நீலக் கம்பளி நூலில் கோத்த விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருவாள். நடப்பதே ஓடுவது மாதிரி இருக்கும். தற்காலிக வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். முதல் இரண்டு தடவை பீரியடைக் கொடுத்தாள். மூன்றாவது தடவை, "மிஸ், நீங்க பசியா இருந்தா புள்ளைங்க டிபன் டப்பாவ எடுத்துச் சாப்புடுவீங்களா?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கேட்டது.

எனக்குக் கோபம்தான் வந்தது. விளையாட்டு என்ன பெரிய சாப்பாடா என்று நினைத்தேன். நான் கண்ட பி.டி. அப்படி. எங்கள் ஊர்ப் பள்ளியில் சார் ஒரு பந்தை வீசிவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். பெரிய பையன்கள் எட்டுப் பேர் ஆடுவார்கள். மற்றவர்கள் மர நிழலில் புல்லைப் பிடுங்குவோம். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தனிப் பொறுப்பு உண்டு, பையன்களின் செருப்பைக் காவல் காப்பது. நான் நன்றாகக் காத்தேன். ஒரு ஜோடிகூடத் தொலைந்ததில்லை.

ரெஜினா மிஸ் வகுப்பில் யாரும் உட்கார முடியாது. மைதானம் இல்லையா, பள்ளியை ஒட்டிய சந்து ஒன்றையே மைதானமாக்கினாள். காலையில் சந்தின் இரண்டு முனையிலும் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரைச் சிவப்புத் துணியோடு நிறுத்துவாள். ஆட்டோக்காரர்கள் தாங்களாகவே இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "ஓடட்டும்மா பசங்கோ. நாங்க இன்னா ஏரோப்ளேனா புடிக்கப் போறோம்?" என்பார் ஒருவர். இட்லி வண்டிக்கார அம்மா வண்டியைச் சுவரோரம் தள்ளிக்கொள்வார். குண்டுப் பிள்ளை, ஒல்லிப் பிள்ளை, மூக்கு ஒழுகுகிற பிள்ளை, எல்லாம் ஓடும். முதலில் வந்தது யார் என்று அவள் பார்த்து நான் பார்த்ததில்லை. கடைசியாக வருகிற பிள்ளையோடு கூடவே ஓடி வந்துகொண்டிருப்பாள்.

இனி சுவருக்கு வருகிறேன். பள்ளியின் பக்கவாட்டில் வெள்ளை காணாத சிமென்ட் சுவர் ஒன்று இருந்தது. மேலே ஷீட் போட்ட தாழ்வாரம், அதனால் மழை படாது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை ஒரு தகர டப்பாவில் கோடு போடும் சுண்ணாம்பைக் கரைத்து வைப்பாள். ஒவ்வொரு பிள்ளையும் நடுவிரலை அதில் தோய்த்துக்கொண்டு, சுவரோரம் நின்று, முடிந்த மட்டும் எம்பிக் குதித்துச் சுவரைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு விழும். அதுதான் அந்தப் பிள்ளையின் மார்க். அடுத்த மாதம் அதற்கு மேலே போக வேண்டும், அவ்வளவுதான். பெயர் எழுத மாட்டாள், தேதி போட மாட்டாள். நோட்டிலாவது எழுதி வைக்கக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். "நோட்டுல எழுதினா ஒருத்தருக்குக் கீழ ஒருத்தர் வந்துடுவாங்க மிஸ். அப்புறம் கீழ இருக்கிற புள்ள குதிக்கவே குதிக்காது" என்றாள். எனக்கு அது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்காகத்தான் பட்டது. என் புத்தி அப்போது அந்த அளவில் இருந்தது.

மூன்றாம் வகுப்பில் தேவி என்று ஒரு பெண். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை. ஜூன் மாதம் வியாழன்தோறும் அவளுக்கு வயிற்றுவலி வரும், ஏனென்றால் வியாழக்கிழமை பி.டி. உண்டு. சந்துச் சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பாள். தீபாவளி தாண்டியபோது வயிற்றுவலி எங்கேயோ போய்விட்டது. என் வகுப்பில் ஜன்னல் வழியே சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இரண்டு தடவை அதட்டியிருக்கிறேன்.

பிப்ரவரியில் நிர்வாகத்திலிருந்து செய்தி வந்தது. பி.டி.யை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி வைக்கலாமா என்று யோசிக்கிறார்கள், திங்கட்கிழமை செக்ரெட்டரி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார். பி.டி. போனால் ரெஜினா மிஸ்ஸின் வேலையும் போகும். தங்கவயலில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்த நேரம். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. ஹெச்.எம்.மிடம், "ஒண்ணும் வேணாம் மேடம், வந்து சுவரப் பார்க்கட்டும்" என்றாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹெச்.எம். என்னிடம் கொடுத்த வேலை. "பெரியவர் வராரு, முன்பக்கம் கொஞ்சம் வெள்ளையடிச்சு வைம்மா." சனிக்கிழமை மதியம் ஆள் பிடித்து முன்பக்கத்தை முடித்தேன். டிரம்மில் பாதிச் சுண்ணாம்பு மிச்சம். என் கண் பக்கச் சுவருக்குப் போனது. அழுக்கும் கறையுமாக, பிள்ளைகள் கையைத் துடைத்துவைத்த மாதிரி எங்கே பார்த்தாலும் புள்ளிகள். அதிகப்பிரசங்கிக்குக் கை சும்மா இருக்குமா? "அண்ணா, அதையும் ஒரு கை பார்த்துடுங்க" என்றேன். ஆள் இரண்டு கையாகவே பார்த்தார். ஒரு மணி நேரத்தில் சுவர் பளீரென்று ஆகிவிட்டது. அது மாத மார்க் சுவர் என்பது அந்த நிமிஷம் எனக்குத் துளியும் நினைவுக்கு வரவில்லை. ஒன்பது மாதம் அந்தச் சுவரை ஒட்டித்தான் தினமும் நடந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ரெஜினா மிஸ் வந்து, சுவரைப் பார்த்து, அப்படியே நின்றாள். விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். யார் செய்தது என்று ஆயா சொல்லிவிட்டார். என் பக்கம் திரும்பி, "கையெழுத்து நல்லால்லேன்னா நோட்ட தண்ணியில கழுவிடுவீங்களா மிஸ்?" என்றாள். எனக்கு விஷயம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கேட்டில் கார் சத்தம்.

செக்ரெட்டரி கெட்ட மனிதர் இல்லை. சஃபாரி சட்டை, கையில் குடை, எதையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம். வகுப்புகளைப் பார்த்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தார். மூன்றாம் வகுப்பு வரிசையில் நின்றது. "ஏதோ சுவருன்னு மேடம் சொன்னாங்க. எங்க?" என்றார். வெள்ளைச் சுவரைத் தொட்டார், விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. நான் தூண் மறைவில் நின்றேன்.

ரெஜினா மிஸ் விசிலைக் கையிலிருந்து விட்டாள். பிறகு பிள்ளைகளிடம், "கண்ணுங்களா, அவங்கவங்க மார்க் எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

பிள்ளைகள் சுவரை மேலும் கீழும் பார்த்தார்கள். அப்புறம் தேவி வரிசையைவிட்டு வந்தாள். சுவரோரம் ஒரு மழைத்தண்ணீர்க் குழாய் இறங்கும், அதைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் ஒன்று. "ஜூன்ல என்னுது இங்க சார்" என்று வளையத்துக்கு ஒரு சாண் கீழே கை நீட்டிக் காட்டினாள். "தசரா லீவுக்கு அப்புறம் இங்க. இப்போ வளையத்துக்கு மேல ஒரு வெரல்."

"சும்மா சொல்லக் கூடாது, பாப்பா."

"சும்மா இல்ல சார்." அவ்வளவுதான் சொன்னாள். வெள்ளைச் சுவரில் வெள்ளைப் பொட்டு தெரியாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் விட்டிருந்த பாத்தியில் விரலை விட்டுச் செம்மண் சேற்றை எடுத்தாள். பக்கவாட்டில் நின்றாள், முழங்காலை மடக்கினாள், எம்பினாள். வளையத்துக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அன்றைக்கு ஒரு விரல் அதிகம்.

அப்புறம் யார் சொல்லியும் நிற்கவில்லை. விரிசலுக்குப் பக்கத்தில் என்னுது, ஜன்னல் மூலைக்கு நேராக என்னுது, ஆணிக்கு மேலே என்னுது என்று முப்பது பிள்ளைகளும் சேற்றைத் தோய்த்துக் குதித்தார்கள். லீவு போட்ட பிள்ளையின் மார்க்கைக்கூட அடுத்த பிள்ளை காட்டிக்கொடுத்தது. நான் அடித்த வெள்ளை முழுக்கச் செம்மண் பொட்டு. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, அது அவமானத்தால் இல்லை. ஒன்பதால் எண்பத்தொன்றை வகுக்கச் சொன்னால் விட்டத்தைப் பார்க்கிற பிள்ளைகள், ஒன்பது மாதத்துப் புள்ளியை ஒரு விரல் பிசகாமல் மனசில் வைத்திருந்தார்கள்.

செக்ரெட்டரி வெகுநேரம் பார்த்தார். "இதுல யாரு ஃபர்ஸ்ட்?" என்றார்.

"அது தெரியாது சார்" என்றாள் ரெஜினா மிஸ். பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை.

"சுவரக் கெடுத்துட்டீங்களேம்மா" என்றபடி அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஆனால் ஜூனில் வந்த புது டைம்டேபிளில் பி.டி. இருந்தது, ரெஜினா மிஸ்ஸும் இருந்தாள். அதற்குப் பிறகு நான் ஒரு பீரியடைக்கூடத் தொட்டதில்லை.

அன்று மாலை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவரைக் காட்டி, "குதிங்க மிஸ்" என்றாள். கஞ்சி போட்ட காட்டன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். என் பொட்டு எங்கே விழுந்தது என்று சொல்ல மாட்டேன், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எனக்கு மேலே இருந்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன். தேவி பக்கத்தில் வந்து, "பரவால்ல மிஸ், அடுத்த மாசம் ஜாஸ்தி வரும்" என்றாள். வந்தது, இரண்டு விரல்.

தமிழில் படிக்கிற பிள்ளைகள் குறைந்து அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். ரெஜினா மிஸ் ஓசூர்ப் பக்கம் போனாள் என்று கேள்வி. போன வருஷம் அந்த வழியாகப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பள்ளி இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம், கீழே கார் நிறுத்தம். சந்தில் பிள்ளைகள் ஓட வழியில்லாமல் இரண்டு பக்கமும் வண்டிகள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லேஅவுட் போட்டியில் முதல் மூன்று பேருக்குக் கோப்பை கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு கலைந்து போனார்கள்.

தேவிக்கு இப்போது முப்பது தாண்டியிருக்கும். எதிரே வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் அவள் மார்க் எங்கே என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: வளையத்துக்கு மேலே இரண்டு விரல். கை வைத்துக் காட்டத்தான் சுவர் இல்லை.