ஐபு சொல்லி விற்ற வான்

என் எழுதுமேசையில் ஒரு சென்சர் கிடக்கிறது. பெருவிரல் அளவுதான் இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் உடல், நுனியில் ஒரு காந்தம், பின்புறத்தில் இரண்டு சிறிய ஊசிகள். ஒரு வானின் எஞ்சினுக்குள் வேலை செய்து செத்துப்போன பொருள் அது. ஆனால் காந்தம் சாகவில்லை. மேசையில் எங்கே குண்டூசி சிந்தினாலும் ஒன்றிரண்டு போய் அதில் ஒட்டிக்கொள்ளும். இது என்னவென்று கேட்பவர்களிடம் "மச்சான் தந்தது" என்பேன். அது பாதிதான் உண்மை. மீதி இது: என் மனைவியின் நானாவுக்கு, அவளுடைய அண்ணனுக்கு, நான் என் வானை விற்றேன். அதில் குறை இருக்கிறதா என்று அவர் கேட்டார். இருப்பது தெரிந்தும் இல்லையென்று சொன்னேன்.

ஒரு நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் வீட்டு முன்னறையில் அந்த வியாபாரம் நடந்தது. மேசைமேல் வைத்திருந்த வானின் திறப்பைத் தொடுவதற்கு முன் மச்சான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "மச்சான், சொந்தம் வேற, வியாபாரம் வேற. ஐபு ஏதும் ஈக்கா?" என்று கேட்டார். ஐபு என்றால் குறை. எங்கள் ஆட்களிடையே ஆடு விற்றாலும் தோணி விற்றாலும் இந்தக் கேள்வி வரும். கேட்ட பிறகும் மறைத்து விற்றால் அந்தக் காசில் பரக்கத் என்னும் அருள் இல்லை என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். "அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல" என்றேன். பொய்யை இறைவனின் புகழால் மூடிக் கொடுத்தேன். அவர் பிஸ்மி சொல்லித் திறப்பை எடுத்துக்கொண்டார். தேநீர்த் தட்டோடு நின்ற என் மனைவி தரையைப் பார்த்தாள்.

அவளுக்கும் அந்தக் குறை தெரியும். நாங்கள் சிலாபம் பக்கம் போகும்போதெல்லாம் நான் வழியில் முந்தல் என்ற ஊரில் நிறுத்தி பிளேன்டீ குடிப்பேன். தேநீரில் எனக்கு அப்படியொரு ஆசை இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த வான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் எழும்பும். ஆகவே அது தானாக நிற்பதற்கு முன் நானே நிறுத்திவிடுவேன். விஞ்ஞான ஆசிரியராகத் தொடங்கிப் பாடசாலை அதிபராக ஓய்வு பெற்றவன், கராஜ் வாசலில் காத்துக்கிடக்க மனமில்லாமல் தேநீர்க்கடையில் உட்கார்ந்தே அந்தக் குறையை ஓட்டிக்கொண்டிருந்தேன். விற்கும்போது எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்: மச்சான் லொறிக்காரர், அவருக்கு இதெல்லாம் தூசு, ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

மச்சானும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் படிப்பைத் தொடர்ந்தேன். அவர் பாலாவியிலிருந்து கொழும்புக்கு உப்பு ஏற்றும் லொறியில் ஏறினார். வாழ்நாள் முழுவதும் ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காமல் இறங்கினார். அவருடைய ஓட்டத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பாரம் ஏற்றிய லொறியை மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவனின் கையிலுள்ள தேநீர் அலம்பாது. கிளச்சில் அவர் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்தக் காலைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு. எங்கள் குடும்பத்துக்கும் உண்டு. கல்யாண வீடுகளில் புது மாப்பிள்ளைகளிடம், "எங்கட மச்சான் லொறி எடுத்தா தொட்டில்ல கிடக்கிற புள்ள எழும்பாது" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவர்தான் தில்லையடியிலிருந்து மனைவியை ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக்குப் போய்த் திரும்பும்போது பாலாவிச் சந்தியில் நடுத்தெருவில் நின்றார். பின்னால் லொறிகளும் பஸ்களும் ஹோர்ன் அடித்தன. அடித்தவர்களில் பாதிப் பேர் அவரோடு வேலை செய்தவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். இறங்கி வந்து வானைத் தள்ளி ஓரமாக்கினார்கள். அடுத்த முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் அதேதான் நடந்தது. கற்பிட்டியிலிருந்து அவ்வளவு தூரம் வந்து சேர்வதற்குள்தான் எஞ்சின் தன் முழுச் சூட்டை அடையும். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. பழைய டீசல் எஞ்சின்களில் பழகியவர், தனக்குப் பார்க்கத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மகன் வானைக் கராஜுக்குக் கொண்டுபோனான். காலைக் குளிரில் கருவியைப் பொருத்திப் பார்த்தவர்கள் குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மகன் டவுனுக்குள் ஓட்டும்போது ஒருநாளும் நிற்கவில்லை. அவன் நல்ல பிள்ளை, வாப்பாமேல் உயிர். அந்தப் பயத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தான்: வாப்பாவுக்குக் கிளச் மிதிக்க ஏலாமல் போய்விட்டது, அதனால்தான் எஞ்சின் அணைகிறது. திறப்பை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துக்கொண்டான்.

இந்தச் செய்தியை என் மனைவி ஒரு வரியில் சொன்னாள். "நானா இப்ப பஸ்ஸிலதான் போறாரு." சில நாள் கழித்து புத்தளம் பஸ் நிலையத்தில் நானே அவரைக் கண்டேன். மீன்பையோடு படியிலிருந்து இறங்கினார். இடது காலை முதலில் ஊன்றி, அது நிற்குமா என்று ஒரு கணம் பார்த்து, பிறகுதான் மற்றக் காலை எடுத்தார். நோயாளியின் நடை அது. அவருக்கு எந்த நோயும் இல்லை. அந்த நோயைக் கொடுத்தவன் நான். கூப்பிடாமல் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அதுவும் இந்தக் கணக்கில் சேரட்டும்.

மறுநாள் தில்லையடிக்குப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "மச்சான், நீ ஐபு கேட்டாய். இருந்திச்சி. இல்லண்டு சொன்னன். சூடேறினா அந்த வான் நிக்கும். ஒண்ட காலுக்கு ஒண்டுமில்ல. வானத் தா, நான் திருப்பி எடுக்கிறன்" என்றேன். அவர் கத்தவில்லை. தன் இடது முழங்காலைத் தடவினார். பிறகு சொன்னார்: "சல்லிக்காகப் பொய் சொன்னாய், போகட்டும். நான் எண்ட காலச் சந்தேகப்பட்டன்டா. படுக்கையில கிடந்து மிதிச்சு மிதிச்சுப் பாத்தன்." திருப்பி எடுக்கும் கதையை அவர் ஏற்கவில்லை. "நீ வான எடுத்துட்டுப் போனா எண்ட மகன் என்ன நினைப்பான்? வாப்பாக்கு ஏலாமத்தான் குடுத்திட்டாருண்டுதான். எடுக்க வேணாம். என்ன குறையெண்டு இங்க, எண்ட வீட்டு முத்தத்தில, அவன்ட கண்ணுக்கு முன்னால காட்டு. பெரிய சயன்ஸ் மாஸ்டர்தானே நீ."

சயன்ஸ் மாஸ்டர் அதுவரை ஒரு நட்டைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க, அந்தக் குறை எனக்குப் பழக்கமான ஒன்றாகத் தெரிந்தது. இந்தக் கால எஞ்சின்களில் உள்ளே சுழலும் பற்சக்கரத்தின் அருகில் ஒரு சென்சர் இருக்கிறது: ஒரு காந்தம், அதைச் சுற்றி முடிபோன்ற கம்பிச் சுருள். பல் ஒவ்வொன்றும் கடக்கும்போது சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். அதைக் கொண்டுதான் எஞ்சின் சுற்றுகிறது என்று வானின் கணினி அறியும். அந்தச் செய்தி வராவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடும். காந்தமும் கம்பிச் சுருளும் நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்த பாடம். அந்தக் கம்பியில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால், சூட்டில் விலகும், குளிரில் ஒட்டும். முந்தல் தேநீர்க்கடையில் நான் ஆறவிட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். என் சொந்தப் பாடம் என் இருக்கைக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், உச்சி வெயிலில், மச்சானின் முற்றத்தில் வானை நிறுத்தினோம். முன் இருக்கையைத் தூக்கினால் கீழே எஞ்சின். மகனை வைத்துத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, அவனையும் இறங்கி வரச் சொன்னேன். மூவரும் முருங்கை நிழலில் நின்றோம். வானுக்குள் ஒருவரும் இல்லை. எஞ்சின் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மகன் கைபேசியைப் பார்க்கத் தொடங்கினான். வாழ்க்கையில் ஒரு வாகனம் நிற்கவேண்டும் என்று துஆ கேட்டது அன்றுதான். திடீரென்று ஒரு இருமல்கூட இல்லாமல் அது நின்றது. முற்றம் அமைதியானது. மச்சான் தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். பிறகு மகனைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப யாருட கால், மகன்?"

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான். அந்த முகத்தில் வந்த வெட்கத்தில் பெரும்பங்கு எனக்குரியது. அதனால் அங்கேயே அவனிடமும் சொன்னேன்: "மருமகன், நான்தான் மறைச்சி வித்தன். வாப்பாட பிழை ஒண்டுமில்ல." அவன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். அவனுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

பிறகு வேலை தொடங்கியது. முதலில் என் கணிப்பு சறுக்கியது. சென்சருக்குப் போகும் இணைப்பைக் கழற்றியபோது உப்புக்காற்றில் அதன் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. இதுதான் குறை என்று நான் முழங்கினேன். மச்சான் பழைய பற்தூரிகையால் பளபளக்கத் தேய்த்தார். மறுபடி ஓடவிட்டோம், மறுபடி நின்றது. "பாஸ் மார்க் இல்ல மாஸ்டர்" என்றார் மச்சான். அன்று அவர் செய்த முதல் பகிடி அது. இந்த முறை மகனை ஸ்டார்ட்டரை மட்டும் சுழற்றச் சொல்லி, சுற்றைக் காட்டும் முள்ளைப் பார்த்தேன். எஞ்சின் சுழல்கிறது, முள் பூச்சியத்தை விட்டு அசையவில்லை. உடனே இணைப்பைக் கழற்றி, மல்டிமீற்றரின் இரு முனைகளையும் சென்சரின் ஊசிகளில் வைத்தேன். கம்பி அறுந்ததைப்போல் எதுவும் காட்டவில்லை. மச்சான் நனைத்த துணியை அதன்மேல் சுற்றிப் பிடித்தார். மூவரும் மீற்றரையே பார்த்தோம். சற்றுப் பொறுத்து எண்கள் துடித்தன, விழுந்தன, பிறகு உயிர் வந்ததுபோல் ஒரு எண்ணில் நின்றன. இணைப்பை மாட்டித் திறப்பைத் திருப்பியதும் வான் எழும்பியது. நான் சத்தம்போட்டுச் சிரித்துவிட்டேன். அத்தனை ஆண்டுகள் கற்பித்தது உண்மைதான் என்று அன்றுதான் என் கை அறிந்தது.

புத்தளத்தில் உதிரிப்பாகக் கடையில் புதிய சென்சரை வாங்கி வந்தது மகன். பழையதைப் பிடித்திருந்தது ஒரே ஒரு போல்ட். உப்பில் இறுகிக் கல்லாகியிருந்தது. நான் பலமாகத் திருப்பப்போனேன். "தள்ளு, தலைய முறிச்சிப்போட்டுப் பிறகு அழுவாய்" என்று மச்சான் ஸ்பானரை வாங்கிக்கொண்டார். எண்ணெய் விட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நெளிப்பு, பிறகு கழற்றும் பக்கம் ஒரு நெளிப்பு, மறுபடி எண்ணெய். கதவுக்கு வெளியே தொங்கிய அவருடைய இடது கால் தாளம்போட்டுக்கொண்டிருந்தது. அது தன்னை அறியாமல் ஆடியதைக் கண்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. போல்ட் முறியாமல் கழன்றது. துளையின் வாயைத் துடைத்து, புதியதன் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, அதைப் பொருத்தும் வேலையை என்னிடம் விட்டார். முற்றத்தில் பொழுது சாயும்வரை ஓடவிட்டோம். நிற்கவேயில்லை. மகன் திறப்பை இரண்டு கைகளாலும் நீட்டினான். "ரெண்டு கையாலயும் தாறதுக்கு நான் என்ன புது மாப்பிள்ளையா?" என்று மச்சான் அதைப் பறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் கற்பிட்டிக்குப் போய் வந்தோம். நான் பக்கத்து இருக்கையில். திரும்பும் வழியில் பாலாவிச் சந்தியில் மச்சான் வேண்டுமென்றே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், இருக்கையில் இருந்தபடியே தேநீர் வரவழைத்துக் குடித்தார். பழைய கூட்டாளி ஒருவர் லொறிக்குள்ளிருந்து, "என்ன நானா, இண்டைக்குத் தள்ள வேணாமா?" என்றார். "ஒண்ட லொறியத் தள்ளி எண்ட வான்ல கட்டு, இழுத்துட்டுப் போறன்" என்றார் மச்சான். புறப்படும்போது என் கையிலிருந்த தேநீர் அலம்பவில்லை. அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெருமையோடு நான் எந்த மேடையிலும் உட்கார்ந்ததில்லை. ஆனால் மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய சென்சரைத் திறப்பு வளையத்தில் மாட்டி, ஆண்டுக்கணக்கில் என் கண்முன்னால் ஆட்டிக்கொண்டு திரிந்தார்.

அண்மையில் கண் மங்கியது என்று தானாகவே ஓட்டத்தை விட்டு, வானை விற்க முடிவு செய்தார். யாரும் அவரிடமிருந்து திறப்பை வாங்கவில்லை. வானை வாங்க வந்தவர் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து தில்லையடியில் வேரூன்றிய ஒரு வியாபாரி. வழக்கப்படி ஐபு கேட்டார். மச்சான் என்னைக் கைகாட்டி, "மாஸ்டரிட்ட கேளுங்க" என்றார். நான் சொன்னேன். இடது கதவின் கைபிடி மழை பெய்தால் இறுகிப் பிடிக்கும் என்றேன். பின் சில்லுக்கு மேலே தகட்டில் துரு, அதைப் பூச்சு மூடியிருக்கிறது என்றேன். மூன்றாம் கியர் காலையில் முரண்டுபிடிக்கும், பின்னிருக்கைப் பட்டி ஒன்று பூட்டாது, ஒருகாலத்தில் சூடேறினால் நிற்கும், அது மாற்றியாகிவிட்டது, மாற்றியது நான், ஆகவே அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வாங்க வந்தவரின் முகம் இருண்டது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போதும் மச்சான், மனுசன் எழும்பி ஓடப்போறான். வான விக்க விடு!"

அவர் ஓடவில்லை. இப்படி ஐபு சொன்ன ஆட்களைக் கண்டதேயில்லை என்று சொல்லி, பிஸ்மியோடு கை நீட்டினார். மச்சான் திறப்பைக் கொடுப்பதற்குமுன் நகத்தால் வளையத்தை விரித்து, சென்சரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "இது வான்ட ஐபு இல்ல. ஒண்ட ஐபு. விக்கிற சாமானோட சேராது. நீயே வெச்சிக்க."

இப்போது நாங்கள் இருவருமே பஸ்ஸில்தான் போகிறோம். வழியில் பஸ் எங்காவது அணைந்து நின்றால், மச்சான் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி என்னிடம் காட்டுவார். வீட்டுக்கு வந்தால் என் மேசையருகே உட்கார்ந்து, சென்சரில் ஒட்டியிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டே கதைப்பார். அதை உள்ளறையில் போட்டுப் பூட்ட எனக்கு வழி இருந்தது. மேசைமேல்தான் வைத்திருக்கிறேன்.