இருபது மீட்டர் கேபிளும் கருவாட்டுக் காவலும்

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு தேசம்மா வந்து கதவைத் தட்டினார். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு நான் குடிவந்து இரண்டு வருஷமாகிறது. என் கதவை யாராவது தட்டினால் முதலில் சந்தேகம்தான் வரும் — வீடு மாறி வந்துவிட்டார்களோ?

“சார், டி.வி.ல எம் பொண்ணு மூஞ்சி பொடிப்பொடியா வருது. அப்புறம் இருட்டாயிடுது. இன்னான்னு கொஞ்சம் வந்து பாரு சார்.”

போனேன். மகள் மஸ்கட்டில் நர்ஸ். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அரை மணி நேரம் வீடியோவில் வருவாள். அதை விட்டால் அடுத்த வாரம்தான். கம்ப்யூட்டர் உள்ளறையில். அதற்குத் திரையாக இருக்கும் டி.வி.யோ வெளியே, மீன் காயவைக்கிற இடத்தில், ஓலைப் பந்தலுக்குக் கீழே! நடுவில் மணலில் நெளிந்து கிடந்தது ஒரு புது ஹெச்.டி.எம்.ஐ. கேபிள். நீளம்? இருபது மீட்டர்.

“இவ்வளவு நீளம் எதுக்கும்மா?”

“போன வாரம் உள்ள குந்திகினு பேசுனேன். பாதி நெத்திலிய காக்கா தூக்கினு போச்சு. பொன்னேரி கடைக்காரன் சொன்னான், நீளம் ஜாஸ்தியானா படம் நிக்காதுன்னு. நான் கேக்கல. நங்கூரக் கயிறு கொறஞ்சாதான சார் ஆபத்து? மிச்சம் இருந்தா இன்னா?”

கடலில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இந்தக் குப்பத்தில் யாரும் கயிற்றை அளவாக வாங்க மாட்டார்கள். ஆனால் கேபிள் சமாசாரம் வேறு. உள்ளே ஓடுகிற சிக்னல் போகப் போகத் தேய்ந்துவிடும். நாலைந்து மீட்டர் என்றால் கவலையில்லை. சாதா கேபிளில் இருபது மீட்டர் என்றால்... முதலில் புள்ளிபுள்ளியாக மின்னும். அப்புறம் திரை கறுத்துவிடும். ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தேன். மகள் ஒரு நொடி சிரித்தாள் — போய்விட்டாள்.

“தோ வந்தா பாரு... போச்சு,” என்றார் தேசம்மா. இரண்டு வருஷமாக நேரில் பார்க்காத முகம்.

உள்ளே கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து குரல் மட்டும் கேட்டது. “யம்மா, எங்க கீற? எனக்கு செவுருதான் தெரியுது!”

அட, கேமராவும் உள்ளேதானே இருக்கிறது?

டி.வி.யைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பழைய குட்டிக் கேபிள் மேஜைக்கடியில் கிடந்தது. மாட்டினேன். படம் பளிச்!

என் வீட்டிலும் அதே அளவு கேபிள்தான். படம் துல்லியமாக வரும். கூப்பிடத்தான் ஆள் இல்லை. மனைவி இறந்த பிறகு நிம்மதி தேடி இங்கே வந்தேன். கிடைத்தது — தேவைக்கு மேலேயே.

தேசம்மா திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பந்தல் மேல் நாலு காக்கா.

“நீங்க பேசுங்கம்மா. நான் பாத்துக்கறேன்.”

குச்சியோடு வெளியே உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிரித்தார்கள். நடுவில் கொஞ்சம் அழுதார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது... இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

பேசி முடித்துக் கண்ணைத் துடைத்தபடி வந்தார். “அடுத்த வெள்ளிக்கெழமயும் வருவ இல்ல சார்?”

இரண்டு வருஷத்தில் என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டதே இல்லை. “கண்டிப்பா வரேம்மா,” என்றேன்.

ஆகவே, உங்களில் யாராவது என்னைத் தேடி வருவதாக இருந்தால், வெள்ளிக்கிழமை பதினொரு மணி மட்டும் வேண்டாம் — காக்கா விரட்டப் போயிருப்பேன்!