காலி ராட்டினத்துக்கு அரை மணி நேரம்

அந்த நீல ரப்பர் பட்டை இன்னும் என் பீரோவில் கிடக்கிறது. கடிகார வார் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது. தாடிக்கொம்பு சாலையில் எங்கள் முதலாளி நடத்திய பொழுதுபோக்குப் பூங்காவில், உள்ளே வருகிற ஒவ்வொருவர் கையிலும் அதைக் கட்டிவிடுவோம். நான் அங்கே ராட்டினம் ஓட்டினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்த வருடங்கள் அவை. கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. சித்தையன்கோட்டையில் மிச்சமிருந்த தென்னந்தோப்பை விற்று, முதலாளி இந்தப் பட்டைகளை வாங்கினார். மெஷின்களுக்குப் பாங்கில் கடன். பட்டையை மெஷினில் காட்டினால் எவ்வளவு நேரம் கழித்து வரலாம் என்று திரையில் விழும். வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டாம். விருந்தினர் வசதிக்காக என்று நோட்டீஸ் அடித்தோம். எங்களிடம் அவர் சொன்னது வேறு. "லைன்ல நிக்கிறவன் என்னத்த வாங்குவான் அப்பு? அவுத்து விட்டாத்தான் கடைப்பக்கம் போவான்." ஆளே இல்லாவிட்டாலும் அரை மணி நேரம் என்று காட்டும்படி மெஷினைச் செட் பண்ணச் சொன்னார். எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் தோப்பும் போன பிறகு அந்த மனிதருக்கு வேறு போக்கிடம் இல்லை.

எங்கள் சனம் கடைப்பக்கம் போகவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தே பழகியவர்கள் அல்லவா! முறை தவறிவிடுமோ என்று ராட்டினத்துக்கு எதிரேயே வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறும் வெஞ்சனமும் சாப்பிட்டபடி, காலியாக நின்ற ராட்டினத்தையே பார்த்தார்கள். பூ விவசாயம் செய்கிற அம்மா ஒருத்தி எழுந்து வந்து என்னைக் கேட்டாள்.

"ஏப்பு, பொட்டியில ஒருத்தருமில்ல. யாருக்காக நாங்க காத்துக்கெடக்கோம்?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த அரை மணி நேரத்தை எடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் ஓடினேன். "மாத்துனா கடைக்காரங்களும் காலி பண்ணிருவாங்கய்யா. இன்னும் ஒரு லீவு பாப்போம்" என்றார். அடுத்த லீவுக்கு அந்தச் சனம் வரவில்லை. கடைக்காரர்களும் பூட்டிக்கொண்டு போனார்கள்.

பாங்க்காரர்கள் மெஷின்களை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்த மத்தியானம், முதலாளி தனியாக ராட்டினத்தடிக்கு வந்தார். "வாங்குனதுலருந்து நான் ஒரு தடவகூட இதுல ஏறலய்யா" என்று பட்டையை மெஷினில் காட்டினார். அரை மணி நேரம் என்று விழுந்தது. "ஏறுங்க முதலாளி, நான் சுத்துறேன்" என்று பதறினேன்.

"இருக்கட்டும்யா. செத்த நேரந்தான."

பூட்டிய கடைகளின் பக்கம் நடந்தார். ஒவ்வொரு ஷட்டராக நின்று பார்த்தார். அவர் திரும்புவதற்குள், பில் கட்டவில்லை என்று கரண்ட்டை வெட்டிவிட்டார்கள். அணைந்த திரையில் பட்டையை மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருந்தார். நான்தான் அவர் கையைப் பிடித்து அதைக் கழற்றினேன். அடுத்த கோடைக்கு அவர் உயிரோடு இல்லை.

போன மாதம் மகளோடு சென்னைப் பக்கம் ஒரு பெரிய பூங்காவுக்குப் போனேன். நாற்பது நிமிடம் கழித்து வாருங்கள் என்றது அவளுடைய போன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கடைப்பக்கம் கிளம்பினார்கள், முதலாளி ஆசைப்பட்டது போலவே. நான் மட்டும் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தேன். பாதிப் பெட்டிகள் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து நீலப் பட்டையை எடுத்துப் பார்த்தேன். முதலாளிக்குத்தான் கடைசிவரை முறை வரவே இல்லை.