ஆவுடையம்மாள் எழுதச் சொன்ன அப்பீல்

பட்டாளத்தில் கையோ காலோ காதோ கெட்டு, ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு, இல்லை என்று காகிதம் வாங்கிய ஆட்கள் தொண்ணூறுகளில் ராஜபாளையத்துக்கு வந்து ஆவுடையம்மாள் வீட்டை விசாரிப்பார்கள். அவள் வக்கீல் கிடையாது. ஸ்பின்னிங் மில்லில் ரீலிங் செக்‌ஷனில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிறவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். வந்தவர் வேட்டியை ஒதுக்கிக் காலைக் காட்டுவதற்குள் அவள் கேட்பாள்: “அது கெடக்கட்டும். நீங்க எதை நல்லாச் செய்விய?”

வந்தவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். கூமாப்பட்டி மாரிசாமிக்கும் வந்தது. பனிமலையில் காவல் நின்று இரண்டு கால் விரல்களையும் பறிகொடுத்தவர் அவர். “நல்லாச் சைக்கிள் மிதிப்பேன். அதுக்கென்ன இப்போ?” என்றார்.

“மெடிக்கல் போர்டு டாக்டர்ட்ட அதைச் சொன்னியளோ?”

“தெனம் எட்டு மைல் மிதிக்கேன் சார்னு சொன்னேன்.”

ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். அரை பர்லாங் நடந்தால் கால் வெடிக்கிறது என்பதால்தான் மனுஷன் சைக்கிளில் ஏறினார். அதை டாக்டருக்கு யார் சொல்வது? நெஞ்சை நிமிர்த்தி மைல் சொன்னவருக்கு அவர் பதினைந்து சதவீத ஊனம் என்று போட்டு அனுப்பிவிட்டார். இருபதுக்குக் கீழே போனால் பென்ஷன் கிடையாது. இந்தப் பட்டாளத்து ஆட்களின் வாயில் மற்ற எந்தச் சொல்லும் வரும், முடியவில்லை என்ற சொல் மட்டும் வராது. பாதிப் பேருக்குப் பென்ஷன் போனதே அந்த வீம்பில்தான்.

‘எதை நல்லாச் செய்விய’ என்ற அந்தக் கேள்வியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொந்தப் புருஷன் விஷயத்தில் தோற்று, அந்தத் தோல்விக்குத் தானே காரணம் என்று கண்டுபிடித்துக் கற்றது அது.

அவள் புருஷன் சோலைராஜ் சோழபுரத்துக்காரர். அறுபத்து நாலில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். அறுபத்தெட்டில் லீவில் வந்தபோது கல்யாணம். எழுபத்தொன்று சண்டையில் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்று பதினான்கு நாள் குண்டு ஏற்றினார். முடிந்தபோது இரண்டு காதிலும் ரத்தம் காய்ந்திருந்தது. பிறகு அவரை ஸ்டோரில் போட்டு வைத்திருந்து, எழுபத்தொன்பதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கேட்கும் திறன் முப்பது சதவீதம் குறைவு, இரண்டு வருஷத்துக்கு ஊனப் பென்ஷன், அதற்குப் பின் மறுபடி பரிசோதனை என்று எழுதியிருந்தது.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போடும் களத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. வீட்டில்தான் கஷ்டம். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று செய்வார். தெருவில் பிள்ளைகள் பின்னாலிருந்து ‘செவுட்டு மிலிட்டரி’ என்று கத்தும். அவருக்குக் கேட்காது. ஆவுடையம்மாளுக்குக் கேட்கும்.

மில்லுக்குள் எப்படிப் பேசுவார்கள் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்கிறவளுக்கு ஏறாது. அதனால் ரீலிங் பெண்கள் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். நாற்பதடி தள்ளி நிற்கிறவள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். மாமியார் சண்டை முதல் சீட்டு விவகாரம் வரை எல்லாம் அப்படித்தான் ஓடும். ஆவுடையம்மாள் அதைப் புருஷனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாட்டும் மாட்டும் உதட்டில் ஒன்று போலத்தான் இருக்கும், எந்தப் பேச்சு ஓடுகிறது என்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினாள். அவர் கண் கொட்டாமல் பார்ப்பார். ஒரு வருஷத்தில் எதிரே நிற்கும் யார் பேசினாலும் சட்டென்று பதில் வந்தது.

தெரு அசந்துபோனது. சஞ்சீவி மலை மூலிகை வேலை செய்துவிட்டது என்றார் ஒருவர். இல்லை, நேர்த்திக்கடன் பலித்துவிட்டது என்றார் இன்னொருவர். பிள்ளைகள் கத்துவதை நிறுத்தின. ஆவுடையம்மாளும் கொஞ்சம் அப்படித்தான் நம்பினாள். பேசுவது புரியப் புரியக் காதும் கொஞ்சம் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

எண்பத்தொன்றில் மறு பரிசோதனை வந்தது. தொலைதூர ஊரில் ராணுவ ஆஸ்பத்திரி. காதைச் சோதிக்கும் மிஷின் அன்றைக்கு ரிப்பேர். தமிழ் தெரிந்த டாக்டர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, பேர் என்ன, எந்த ரெஜிமென்ட், எத்தனை பிள்ளை என்று மெல்லிய குரலில் கேட்டார். சோலைராஜ் மணி மணியாகப் பதில் சொன்னார். ஊருக்கு வந்து பெருமையாகச் சொல்லவும் செய்தார்: “கேட்டது ஒண்ணைக்கூட விடல்ல, ஆவுட. டாக்டரே கையைக் குடுத்தாரு.” அன்றைக்கு அவள் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள்.

மூன்று மாதம் கழித்துப் பழுப்புக் கவரில் காகிதம் வந்தது. கேட்கும் திறன் தேறிவிட்டது, ஊனம் இருபது சதவீதத்துக்கும் குறைவு, பென்ஷன் நிறுத்தப்படுகிறது.

அப்பீல் எழுத ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். கோர்ட்டுக்கு எதிரே டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்த காசிராஜன் முன்னாள் ஹவில்தார் கிளார்க். முன்னாள் படைவீரர்களின் மனுக்கள் எல்லாம் அவர் கையால்தான் போகும். ஒன்பது பக்கம் அடித்தார். சண்டை, பீரங்கி, மெடல், தேசம் எல்லாம் அதில் இருந்தது. ஒரு வருஷம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: மெடிக்கல் போர்டு சொன்னதே முடிவு. இனி டெல்லிக்கு இரண்டாவது அப்பீல் ஒன்றுதான் பாக்கி, அதுவும் போனால் அவ்வளவுதான் என்றார் காசிராஜன். அந்தக் காகிதத்தில் இருந்த ‘தேறிவிட்டது’ என்ற சொல் சோலைராஜை அரித்தது. பொய் சொல்லிப் பென்ஷன் வாங்கப் பார்த்த ஆள் என்று யாரோ நெற்றியில் எழுதியது மாதிரி நடந்தார். ஆனால் ஏன் அப்படி எழுதினார்கள் என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை.

எண்பத்து நாலில் ஒரு நாள் புரிந்தது. பஞ்சுத் தூசிக்காக மில் பெண்கள் வாயையும் மூக்கையும் சேர்த்துத் துணி கட்டுவார்கள். ஆவுடையம்மாளுக்கு இருமல். ஷிப்ட் முடிந்தும் அவிழ்க்காமல் வீட்டுக்குள் நுழைந்தாள். சோலைராஜ் அடுப்பில் பாலை வைத்துவிட்டு முற்றத்தில் தட்டைப்பயறு உரித்துக்கொண்டிருந்தார்.

“பாலு பொங்குது, எறக்குங்க!”

அவர் நிமிர்ந்து சிரித்தார். “ஆமா, மழை வரும் போலத்தான் இருக்கு” என்றார்.

பால் அடுப்பை அணைத்தது. அவள் முதலில் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு நின்றாள். துணியோடு இன்னொரு தடவை சொன்னாள். கத்திச் சொன்னாள். பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் சுவரில் எட்டிப் பார்த்தாள். சோலைராஜ் மட்டும் அவளுடைய கண்ணையே தவிப்போடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆவுடையம்மாள் அவர் முதுகுக்குப் பின்னால் போய், பித்தளைத் தவலையைத் தூக்கிக் கல்லில் போட்டாள். தெருவில் நாய் குரைத்தது. அவர் திரும்பவில்லை.

அவள் துணியை அவிழ்த்து அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். “கொஞ்சங்கூடக் கேக்கலியா? எம்புட்டு நாளா?”

“அது ஆச்சு, நாலஞ்சு வருசம். ஒரு காது மொதல்ல போச்சு. பொறவு இன்னொண்ணும்.”

“ஏன் சொல்லல?”

“ஊரே காது தொறந்துட்டுன்னு பேசுச்சு. நீயும் சந்தோசமாத் திரிஞ்ச. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?”

ஆவுடையம்மாள் ஆடிப்போனாள். காது மூட மூட அந்த மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டே போயிருக்கிறார். அவள் கற்றுக்கொடுத்த பாடத்தை அவ்வளவு நன்றாகப் படித்ததால் டாக்டர் ஏமாந்தார், தெரு ஏமாந்தது, கூடவே படுத்து எழுந்த அவளும் ஏமாந்தாள். அவளுக்கு அழுகையும் வந்தது, இவரை நினைத்து ஒரு மலைப்பும் வந்தது.

மறுநாளே லீவு போட்டுவிட்டுக் காசிராஜன் முன்னால் போய் நின்றாள். “அண்ணாச்சி, இந்தத் தடவை நான் சொல்லுதேன், நீங்க அடிங்க. என் வீட்டுக்காரருக்குக் காது சுத்தமாக் கேக்காது. வாயைப் பாத்துப் பேசுவாரு. டாக்டர் அவிய முதுகுக்குப் பின்னால நின்னு, வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும். அம்புட்டுத்தான்.”

காசிராஜன் டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்தார். “தங்கச்சி, இதை எழுதினா போன தடவை டாக்டரை ஏமாத்திட்டான்னு ஆயிரும்.”

“அவிய ஏமாத்தல. நான் சொல்லிக்குடுத்ததைச் செஞ்சாவ. வேணும்னா அதையும் எழுதுங்க, சொல்லிக்குடுத்தது நான்தான்னு.”

காசிராஜன் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். சண்டையில் ரத்தம் வந்ததையாவது சேர்ப்போம் என்றார். அவள் அசையவில்லை. கடைசியில் அரைப் பக்கத்தில் ஒரு மனு போனது. அவர் வாழ்நாளில் அடித்ததிலேயே சின்ன அப்பீல் அதுதான்.

எண்பத்தாறில் மறுபடி கூப்பிட்டார்கள். இந்தத் தடவை ஆவுடையம்மாளும் கூடப் போனாள். காதில் ஹெட்போன் வட்டை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவர் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. அதை மட்டும் வைத்து யாரும் நம்பிவிட மாட்டார்கள். வேண்டுமென்றே அமுக்காமல் உட்கார்ந்திருப்பவர்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். மேஜர் டாக்டர், நல்ல தமிழ் பேசுகிறவர், மனுவை மறுபடி படித்துவிட்டு சோலைராஜை நாற்காலியில் உட்கார வைத்தார். ஆவுடையம்மாளை வாசலோரம் சத்தமில்லாமல் நிற்கச் சொன்னார். தான் பின்னால் போய் நின்றார். பின்னால்தானே நிற்கிறோம் என்று வாயை மூடவில்லை.

சோலைராஜுக்கு நேர் எதிரே மருந்து அலமாரி இருந்தது. கண்ணாடிக் கதவு. அதில் டாக்டரின் முகம் தெளிவாகத் தெரிந்தது.

ஆவுடையம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். “சோலைராஜ், உங்க ஊர் மாம்பழம் நல்லா இருக்குமாமே?” என்றார் டாக்டர். புருஷனுடைய கண் கண்ணாடியில் போய் நிற்பதையும், பதில் சொல்ல உதடு பிரிவதையும் கண்டாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாத மனுஷன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது.

சோலைராஜ் கண்களை மூடிக்கொண்டார்.

டாக்டர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பட்டாளத்துத் தொனியில் அட்டென்ஷன் என்று அதட்டினார். கை தட்டினார். பிறகு முன்னால் வந்து குனிந்து, அந்த மூடிய இமைகளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஆர்டர்லிக்கு ஜாடை காட்டினார். ஆர்டர்லி எவர்சில்வர் தட்டுகளை ஓர் அடுக்காகத் தரையில் போட்டான். வராண்டாவில் போன நர்ஸ் அலறிவிட்டாள். ஆவுடையம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். வாயைப் பூட்டிக்கொள்ளலாம், கையைக் கட்டிப்போடலாம், சத்தத்துக்குத் துடிக்கிற இமையை எந்த மனுஷனாலும் நிறுத்த முடியாது. சோலைராஜின் இமை துடிக்கவில்லை.

கண்ணை மூடி அவர் மற்றவர்கள் முன்னால் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. வெகு ஆழமான கிணற்றின் அடியில் தனியாக உட்கார்ந்திருப்பவர் போல இருந்தார். ஒரு கயிறும் அவரைத் தொடவில்லை. அத்தனை ஆழத்திலிருந்து தினமும் காலையில் ஏறி வந்துதான் இந்த ஆள் வேலைக்குப் போயிருக்கிறார், தெருவில் சிரித்துப் பேசியிருக்கிறார், தன்னோடு சண்டை போட்டிருக்கிறார். அதை நினைத்தபோது ஆவுடையம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. சாமி சந்நிதியில்கூட அவளுக்கு அப்படி ஆனதில்லை.

டாக்டர் தோளைத் தொட்டதும் சோலைராஜ் கண்ணைத் திறந்தார்.

“ஏன் கண்ணை மூடினீங்க?”

“கண்ணாடியில நீங்க தெரிஞ்சிய சார். பாத்தா பதில் சொல்லிருவேன்.”

டாக்டர் திரும்பி அலமாரியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார்.

எண்பத்தேழு ஆனியில் பதில் வந்தது. காசிராஜன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு காதும் முழுச் செவிடு, பீரங்கிப் பணியால் வந்தது, எழுபது சதவீதம், ஆயுசுக்கும். முந்தைய போர்டு எழுதிய ‘தேறிவிட்டது’ ரத்து. “இருபது வருசமா ஊர்ப்பட்ட பக்கம் அடிச்சேனே தங்கச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைக்கு வந்த டீக்கு அவரே காசு கொடுத்தார். அடுத்த வாரமே முதல் கேஸை ஆவுடையம்மாளிடம் அனுப்பியவரும் அவர்தான்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். என்ஜின் இரைச்சலில் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவருக்கும் அந்தக் கஷ்டம் இல்லை. ஆவுடையம்மாள் அவர் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். பால் பொங்கிய அந்த நாளிலிருந்து அவளை அரித்த கேள்வி அது. வேலுத்தாய், கல்யாணமாகிப் பன்னிரண்டாம் வருஷம் இவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை.

“வேலுத்தாயி பச்சப்புள்ளையா அழுதாளே, அந்தச் சத்தத்தை ஒரு நாளாச்சும் கேட்டியளா?”

“கேக்கல. பாத்திருக்கேன். மொகம் செவந்து, நல்லா அழுவா” என்றார்.

அவளுக்குத் தொட்டிலுக்குப் பக்கத்தில் தான் பாடிய தாலாட்டு, அடுப்படியிலிருந்து திரும்பாமலே வைத ஏச்சு, எல்லாம் நினைவுக்கு வந்தது. “அப்போ என் சத்தமும் மறந்திருக்கும்” என்று உதட்டை அசைத்தாள்.

சோலைராஜ் சிரித்தார். தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்பது அவருக்குத் தெரியாதே. பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“அது எப்படிட்டி மறக்கும்? கல்யாணம் முடிஞ்ச லீவுல கேட்டேன்லா, அந்தச் சத்தந்தான். நீ வாயைத் தொறந்தா இன்னமும் அதுதான் வருது. உனக்குத்தான் வயசாவுது. உன் சத்தத்துக்குப் பத்தொம்பதுதான்.”

கண்டக்டர் முதல் கடைசி சீட் வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜபாளையம் வரும் வரை ஆவுடையம்மாள் வாயைத் திறக்கவில்லை.